அவருக்குப் பக்கத்து இடம்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

லெந்து என்னும் தவக்காலம் தொடங்கிவிட்டது. நாற்பது நாளும் எதையாவது விட்டுவிட வேண்டும் என்று போதகர் பிரசங்கித்தார். மீனை விடலாம், காப்பியை விட முடியாது. அதற்கு ஈடாகத் தினமும் கொஞ்சம் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் புதிதாக ஒரு பழக்கம்.

ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் வீட்டுப் பின்கட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு மதில்தான். என் வீட்டுக்காரர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அவர் படுக்கையில் இருக்கும்போதே இரட்டைக் கல்லறையாகக் கட்டிவிட்டோம். எங்கள் சபையில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஓர் அறையில் அவர். மற்றது காலி, மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடியது. தலைமாட்டுக் கல்லில் இருவர் பெயரும் உண்டு. ஆசீர், கம்பவுண்டர்: தோற்றம், மறைவு, இரண்டுக்கும் தேதி. மேபல் ஆசீர்: தோற்றத்துக்கு மட்டும் தேதி. மறைவு என்ற சொல்லுக்குப் பிறகு வெறும் கல்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். எனக்குப் பழகிவிட்டது. பிள்ளைகள் இல்லாத எனக்கு அந்தக் காலி இடம்தான் சொத்து. அவர் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை.

இன்று அங்கே ஒரு விசித்திரம். அவர் பக்கம் வேப்பிலைச் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கிறது. என் பக்கத்தில் ஒரு சருகு இல்லை. துடைப்பக் கோடுகள் மணலில் வரிவரியாகத் தெரிகின்றன. கோயில்குட்டி தாவீதடியானைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். கோயில் மணி அடிப்பதும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை.

“ஏண்டே, ஆள் கெடக்க பக்கத்த விட்டுட்டு ஆளில்லாத பக்கத்த பெருக்கி வச்சிருக்கிய?”

“நான் ஒரு மாசமா தொடப்பத்த தொடல்ல அக்கா. முதுகு புடிச்சுக் கெடக்கேன்.”

வேலை செய்யாததை இவ்வளவு பெருமையாகச் சொல்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.


பிப்ரவரி 26, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அப்பால் பெருக்குகிற சத்தம். மூன்று சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு. மறுபடி மூன்று, மறுபடி ஒன்று.

முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதால் பிழைத்தவள் நான். ‘ஹலோ’ சொல்லும் முன்பே மூச்சை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன். பின்கட்டில் கிடந்த ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தேன். உச்சி வெயிலில் கல்லறைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஓர் ஈ காக்கை இல்லை. என் அறைக்குப் பக்கத்தில் மட்டும் புழுதி இன்னும் அடங்காமல் இடுப்பளவில் நின்றது. காற்றும் இல்லை.

மூன்று சின்னது ஒரு நீளம் என்று பெருக்குகிறவர்கள் ஊரில் பலர் இருப்பார்கள்.


மார்ச் 1, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து கவர் வந்துவிட்டது. பாட்டுப்புத்தகத்தின் அடியில் வைத்திருக்கிறேன். இன்று பிரிக்க நேரமில்லை. மிளகாய் காயப்போட வேண்டியிருந்தது.


மார்ச் 4, சனி

பக்கத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறார்கள் ஒரு தாயும் மகளும். மகள் அஜிதா அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கப் போகிறாள். விரலெல்லாம் கறுத்துப் போயிருக்கும். இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. தாய் ரெத்தினபாய் கிறிஸ்மஸ் முதல் படுத்த படுக்கை. அவளுடைய இருமல்தான் எனக்கு அலாரம். இரண்டு வருஷத்தில் நான் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. அவர்கள் எங்கள் சபையும் இல்லை. சந்தைக்குப் பக்கத்தில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு ஜெபக்கூடத்துக்குப் போகிறவர்கள்.

இன்று சனிக்கிழமை அரைநாள் லீவு போலும். அஜிதா வாசலில் வந்து நின்றாள்.

“மாமி, பிரிட்ஜில ஐஸ் இருக்குமா? அம்மைக்கு தொண்ட எரியுதுன்னு கெடந்து அழுதாவ.”

“பிரிட்ஜ் கெட்டுப் போச்சு பிள்ளே.”

நான் சொல்லி முடிக்கவும் உள்ளே பிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி ஓட ஆரம்பித்தது. எங்கள் பிரிட்ஜ் பழையது, நாலு வீட்டுக்குக் கேட்கும். அவள் என் முகத்தைப் பார்க்காமல், “சரி மாமி” என்று போய்விட்டாள்.

ஒரு தடவை கொடுத்தால் தினமும் வந்து நிற்பார்கள். கொடுத்துப் பழக்கிவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. இதை ஒரு ஆயுள் முழுக்க ஒருவரோடு குடும்பம் நடத்திக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.


மார்ச் 9, வியாழன்

அவருக்குக் கை நிற்காது. வேறெப்படிச் சொல்வது? வேட்டி, செருப்பு, சைக்கிள், ஒரு முறை வாசல் கதவில் போட்டிருந்த பூட்டு. “அவனுக்கு வீட்டுல பூட்டே இல்ல மேபல்” என்றார். நமக்கு இனிமேல் இல்லையே என்றேன். “நம்மகிட்ட என்ன இருக்கு தூக்கிட்டு போவதுக்கு?” என்று சிரித்தார்.

என் முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு குடை வாங்கினேன். மூங்கில் பிடி, கறுப்புத் துணி, நல்ல கனம். இவர் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று தெரிந்து, உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் ‘ஆசீர் கம்பவுண்டர்’ என்று எழுத வைத்தேன். ஊர் பேரையும் போட்டேன். பெயர் இருந்தால் கொடுக்க மனம் வராது என்று என் கணக்கு. பல வருஷம் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். பிறகு ஒரு ஆனி மாத மழையில் தொப்பலாக நனைந்து வந்து நிற்கிறார். பஸ் ஸ்டாப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம். பெயரோடும் ஊரோடும்.

பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. குடைக்காக மட்டும் இல்லை. யார் அந்தப் பெண் என்று கேட்டேன். “தெரியாது” என்றார். நான் நம்பவில்லை. அவர் முற்றம் பெருக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் முற்றம் பெருக்குவது எப்போதும் அவர்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. லெந்து நாளில் மனம் இப்படித்தான் அலைகிறது.


மார்ச் 12, ஞாயிறு

வலி இல்லை. வலி இல்லாத கட்டியைத்தான் கவனிக்க வேண்டும் என்று அந்த டாக்டர் பெண் சொன்னாள். கவர் இருக்கட்டும். ஈஸ்டர் கழியட்டும்.


மார்ச் 15, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் அறையின் மூடு பலகை ஒரு சாண் விலகியிருக்கிறது. இரண்டு ஆண்கள் கடப்பாரை போட்டு நெம்பினால்தான் அசையும் கல் அது. தாவீதடியானைக் கூப்பிட்டேன். முதுகுவலியை மறந்து ஓடி வந்தான். இடுக்கு வழியே செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தோம்.

பதினொரு வருஷமாக மூடிக்கிடந்த அறைக்குள் என்ன இருக்கும்? சிலந்தி, தேரை, மழைத்தண்ணீர். ஒன்றுமே இல்லை. தரை பெருக்கியிருக்கிறது. சுவரில் சுண்ணாம்பு அடித்திருக்கிறது. ஈரம் காயாத சுண்ணாம்பு. மணம் மேலே வந்து மூக்கில் அடித்தது. தரையில் குறுக்காக இரண்டு செங்கல், தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில் ஒன்று. சவப்பெட்டி தரையில் படாமல் இருக்க வைக்கிற செங்கல்.

“நீதானேடே?”

“எனக்க பிள்ளைய மேல சத்தியம் அக்கா.” அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. “இந்த இடுக்குல எனக்க தோளே நொழையாது. உள்ள எறங்கி எவன் வெள்ளையடிப்பான்?”

தன் மருமகனைக் கூட்டி வந்து பலகையைத் தள்ளி மூடினான். மூடிவிட்டு நின்று ஜெபம் பண்ணினான். கோயில்குட்டியாக இருபது வருஷம் இருக்கிறான், அவன் தானாக ஜெபம் பண்ணி இன்றுதான் பார்த்தேன்.


மார்ச் 16, வியாழன்

மறுபடி ஒரு சாண்.


மார்ச் 20, திங்கள்

எனக்காகத்தான் யாரோ தயார் பண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கவரைப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது. நான்கு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, ‘மேபல், இத்தனை நாள் இதைத்தானே கேட்டாய், இப்போது ஏன் அழுகிறாய்’ என்று கேட்டேன். கண்ணாடியில் இருந்தவள் அழுதுகொண்டே இருந்தாள்.

இன்று பயம் போய்க் கோபம் வந்தது. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். தாவீதடியானை விட்டுக் குச்சியில் கட்டி உள்ளே இறக்கி அளந்தேன். இரண்டு செங்கலுக்கும் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை நாலே முக்கால் அடி. இரண்டாம் தடவை அளந்தபோதும் அதேதான்.

என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். எக்ஸ்சேஞ்சில் என்னை ‘கம்பம்’ என்பார்கள்.

அளவு தெரியாமல் ஒரு வேலை! செய்கிறவர் கேட்டுவிட்டாவது செய்யக்கூடாதா? வீட்டுக்கு வந்து நாலு நாளுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.


மார்ச் 24, வெள்ளி

பிரிட்ஜில் ஐஸ் சும்மா கட்டிக்கிடந்தது. வீணாகப் போகிறதே என்று ஒரு டம்ளரில் போட்டு லைன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அஜிதா வேலைக்குப் போயிருந்தாள். கதவு சாத்தியிருக்கவில்லை.

ரெத்தினபாய் கட்டிலில் ஒரு சிறுமி போலக் கிடந்தாள். அவ்வளவு சின்ன உடம்பு. அதைவிடச் சின்னதாகக் கட்டிலில் இடம் பிடித்திருந்தாள். ஐஸ் துண்டை உதட்டில் வைத்தேன். கண் திறந்து என்னை நன்றாகப் பார்த்தாள்.

“சார் சொல்லிவிட்டாவளா?”

“எந்த சார்?”

“கம்பவுண்டர் சார்.”

ஐஸ் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவர் இறந்த பிறகு இந்த ஊருக்கு வந்தவர்கள் இவர்கள்.

“நேத்து மத்தியானம் வந்தாவ,” என்றாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. “கையில எல்லாம் சுண்ணாம்பு. வேல முடிஞ்சாச்சு, இனி பயப்படாதன்னு சொன்னாவ. வீட்டுல மட்டும் ஏசுவா, பரவால்லன்னாவ.”

நான் டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். எவர்சில்வர் டம்ளர், நாளை வாங்க வேண்டும்.

சாகக் கிடப்பவர்கள் எதையாவது உளறுவார்கள். என் மாமனார் கடைசி நாளில் யானை யானை என்றார். தன் பக்கத்தைச் சருகோடு போட்டுவிட்டு அடுத்தவர் பக்கத்தைப் பெருக்கிக்கொண்டு இருக்கக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அந்த ஆள் மூன்று சின்னது ஒரு நீளம் என்றுதான் பெருக்குவார். இந்த இரண்டு வரியையும் அடித்துவிட வேண்டும்.


மார்ச் 30, வியாழன்

சாயங்காலம் அஜிதா வந்தாள். ஒரு கையில் என் டம்ளர். மறு கையில் பழைய துணியில் சுற்றிய நீளமான ஒன்று.

“அம்மை இத உங்ககிட்ட குடுத்திரச் சொன்னாவ மாமி. இனி வேண்டாமாம்.”

துணியைப் பிரிக்கும் முன்பே கை கனத்தை அறிந்துகொண்டது. மூங்கில் பிடி. விரித்தேன். துணி இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. உள்ளே வெள்ளை எழுத்து ஒன்றுகூட அழியவில்லை.

அவளை உட்காரச் சொன்னேன். அந்தப் பெண் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“எனக்கு அப்ப நாப்பது நாளு. அப்பா அடிச்சு எறக்கி விட்டுட்டாவ. அம்மை என்ன தூக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நின்னாவளாம். எங்க போவதுன்னு தெரியாம, ரோட்டுல வார லாரியவே பாத்துட்டு நின்னாவளாம். அப்பத்தான் ஒரு சார் வந்து, பிள்ள நனையுதேன்னு கொடைய குடுத்துட்டு நனஞ்சிட்டே போனாவளாம். பேரு கேக்கல்ல, ஊரு கேக்கல்ல. கொட கையில வந்த பெறகு அம்மைக்கு லாரிய பாக்க தோணல்ல.” அவள் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கொடையில ஊர் பேரு இருந்துது. என்னைக்காவது வந்து திருப்பிக் குடுக்கணும்னு அம்மைக்கு ஒரே பிடிவாதம். வந்தப்ப சார் இல்ல. பெறகு உங்ககிட்ட குடுக்க பயம்.”

“எதுக்கு பயம்?”

“வீட்டுல ஏசுவான்னு சார் அன்னைக்கே சொன்னாவளாம்.”

குடையை மடக்கவே வரவில்லை எனக்கு. அவள்தான் மடக்கித் தந்தாள். பதினொரு நாள் பேசாமல் இருந்தேன். அந்தப் பதினொரு நாளும் அவர் தானே காப்பி போட்டு என் மேசையிலும் ஒன்று வைத்துவிட்டுப் போனார்.


ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலை பிடித்து நடந்தேன். முழங்கால் வலி. பெருக்குகிற சத்தம் ஒரு வாரமாக இல்லை. இல்லை என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.


ஏப்ரல் 6, பெரிய வியாழன்

காலை ஒன்பது மணிக்கு ரெத்தினபாய் இறந்துவிட்டாள். இருமல் நின்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

பதினொரு மணிக்குப் போதகரும் சபைச் செயலர் ஜெபசிங்கும் என் வீட்டுக்கு வந்தார்கள், பின்னால் அஜிதா. ஏன் வருகிறார்கள் என்று கேட்டைத் திறக்கும் முன்பே தெரியும். ஜெபக்கூடத்துக்குச் சொந்தமாகக் கல்லறைத் தோட்டம் இல்லை. நாலுவழிச் சாலைக்கு மண் தோண்டியதில் பஞ்சாயத்து இடுகாடு குளமாகக் கிடக்கிறது. எங்கள் தோட்டத்தில் புது இடம் கொடுப்பதில்லை என்று கமிட்டி முடிவு செய்து மூன்று வருஷம் ஆகிறது.

“டவுன்ல மின் மயானம் இருக்கு,” என்றார் ஜெபசிங். “அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்.”

“அம்மைக்கு தீன்னா பயம் சார்,” என்றாள் அஜிதா. “மண்ணுக்குள்ள வைன்னு கைய புடிச்சு கேட்டாவ. எனக்கு வேற ஒண்ணும் செய்ய முடியல்ல. இது ஒண்ணாவது...”

போதகர் என்னைப் பார்த்தார். “குடும்பக் கல்லறைன்னா உடையவங்க கையெழுத்து போதும்மா. கமிட்டியைக் கேட்க வேண்டியதில்லை. நான் கட்டாயப்படுத்தல்ல.”

முடியாது என்று சொன்னேன்.

சொன்னதை மறைக்கப் போவதில்லை. அதில் என் பெயர் எழுதியிருக்கிறது என்றேன். நான் எங்கே போவேன் என்றேன். எனக்கே சீக்கிரம் தேவைப்படும் என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அஜிதா அழவில்லை. அன்று ஐஸ் இல்லை என்றபோது சொன்ன அதே குரலில், “சரி மாமி” என்றாள்.

லைன் வீட்டு முன்னால் வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டி வந்து நிற்கிறது. அதன் மோட்டார் சத்தம் இங்கே கேட்கிறது. நான் கொடுக்காத ஐஸை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோல.

இப்போது மத்தியானம் இரண்டு மணி. மதிலுக்கு அப்பால் பெருக்குகிறார்கள். மூன்று சின்னது. ஒரு நீளம். நான் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு இதை எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து கோணல்.

முழுதும் எழுதிவிடுகிறேன். கல்லறை கட்டி முடித்த அன்று அவர் படுக்கையிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “மேபல், பக்கத்து இடத்த உனக்குன்னு பூட்டி வைக்காத. எடமில்லாத எவளாவது வந்து நின்னா குடுத்திரு.” இன்னும் ஒன்று சொன்னார். அதை எழுத வேண்டாம். பதினொரு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சலில் பேசுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்கு அன்று காய்ச்சல் இல்லை.


ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை. எப்போதும்போல மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்குக் கீழே.

அரிமத்தியா ஊர்ப் பணக்காரர் தனக்கென்று வெட்டி வைத்திருந்த புதுக்கல்லறையை இயேசுவின் உடலுக்குக் கொடுத்த இடத்தைப் போதகர் வாசித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல மனிதர். இந்தப் பகுதியைச் சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் கேட்கிறேன். அன்று சாயங்காலம் அந்த மனிதர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றுதான் யோசித்தேன். பதினொரு நாள் பேசாமல் இருந்திருப்பாள். மூன்றாம் நாளே இடம் திரும்பக் கிடைத்தது அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ.

கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது நான் வெளியே நடந்தேன். ஆராதனை நடுவில் எழுந்து போவது என் வாழ்க்கையில் முதல் தடவை. காலில் செருப்புகூடப் போடவில்லை. லைன் வீட்டில் ஐந்தாறு பேர் நின்றார்கள். டவுனுக்குக் கொண்டுபோக வேன் வந்துவிட்டது. டிரைவர் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கியிருந்தார்.

“எறக்கு,” என்றேன். எக்ஸ்சேஞ்சில் ராத்திரி ஷிப்டுப் பிள்ளைகளை அதட்டிய குரல் எங்கிருந்தோ வந்தது. “எறக்குடே கீழ. அஜிதா, உங்கம்மைக்கு எடம் இருக்கு. எனக்க வீட்டுக்காரருக்க பக்கத்துல.”

அந்தப் பெண் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் மேலெல்லாம் முந்திரிப் பால் நெடி. நான் யாரையும் கட்டிப்பிடித்துப் பதினொரு வருஷம் ஆகிறது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்து போதகரோடு வந்த ஜெபசிங் ஏதோ சபைப் பட்டியல், விதி என்று ஆரம்பித்தார். போதகர், “பொழுது சாயும் முன்னே முடிச்சிரலாம் ஜெபசிங்” என்று மட்டும் சொன்னார். வேன் டிரைவரின் பேனாவில் கையெழுத்துப் போட்டேன்.

தாவீதடியானும் மருமகனும் பலகையைத் தள்ளப் பாரையோடு வந்தார்கள். பாரை தேவைப்படவில்லை. தொட்டதும் நகர்ந்தது. தாவீதடியான் என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன். உள்ளே வெள்ளைச் சுவர், பெருக்கிய தரை, இரண்டு செங்கல். பெட்டியை இறக்கினார்கள். தலைப்பக்கம் ஒரு செங்கலின் விளிம்போடு நின்றது. கால்பக்கம் மற்றச் செங்கலின் விளிம்போடு நின்றது. ஒரு விரல் கூடுதலும் இல்லை, ஒரு விரல் குறைச்சலும் இல்லை.

“அளந்து செஞ்சது மாதிரில்லா இருக்கு,” என்றான் மருமகன். அவன் அப்பாவி, அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு மாதமாக எனக்காக என்று பயந்தேனே. ஒரு நாள்கூட அது எனக்காக இல்லை.

எல்லாரும் போன பிறகு கல்லில் என் பெயரைப் பார்த்தேன். அழிக்க ஆள் வரச் சொல்லட்டுமா என்று தாவீதடியான் கேட்டான். கிடக்கட்டும் என்றேன். அவர் பக்கத்துச் சருகையெல்லாம் என் கையால் அள்ளிப்போட்டேன். இருட்டும் முன்னே வீட்டுக்கு வந்துவிட்டேன்.


ஏப்ரல் 8, சனி

சத்தம் எதுவும் இல்லை. இருமலும் இல்லை.

இனி நான் எங்கே படுப்பேன் என்று தெரியவில்லை. இப்படி இடமில்லாதவளாக நான் இருந்ததே இல்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது, சந்தோஷம் என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் இரண்டு வேளையும் நன்றாகப் பசித்தது.


ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியும்போது கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி. எங்கள் கல்லறையில் அஜிதா ஏற்றினாள், இரண்டு பக்கமும். அவர்கள் ஜெபக்கூடத்தில் மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் கிடையாதாம். எப்படி ஏற்றுவது என்று கேட்டுக் கேட்டு ஏற்றினாள்.

அவளைக் காப்பிக்குக் கூட்டி வந்தேன். பாட்டுப்புத்தகத்தை எடுத்தபோது அடியில் கவர் இருந்தது. அவள் முன்னாலேயே பிரித்தேன். கண்ணாடி தேட வேண்டியிருந்ததால் அவளை வாசிக்கச் சொன்னேன். அவளுக்கு இங்கிலீஷ் தடவித்தான் வரும். ஆனால் அந்த ஒரு சொல் எல்லாருக்கும் புரிகிற சொல். அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

“மாமி...”

“தெரியும் பிள்ளே. ரெண்டு மாசமா தெரியும்.”

“ஆஸ்பத்திரிக்கு யாரு கூட வருவா உங்களுக்கு?”

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“செவ்வாக்கெழம நான் லீவு போடுதேன். பத்து மணிக்கு பஸ். நீங்க ஒத்தைக்கு போவாண்டாம்.” கேட்கவில்லை, சொன்னாள். பிறகு பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, மூலையில் இருந்த குடையைக் காட்டி, “வெயிலா இருக்கும், இத எடுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு பின்கட்டில் வந்து உட்கார்ந்தேன். அன்று அவர் சொன்ன மற்ற வாக்கியத்தை இப்போது எழுதலாம். “குடுத்திரு” என்றதும் நான் கோபத்தில், “அப்ப நான் எங்க போவேன்?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நான் முந்தி போறேன்லா. உனக்கு நான் எடம் பாத்து வைக்கேன்.”

மணி பன்னிரண்டரை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்டது. மூன்று சின்னது, ஒரு நீளம்.

ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். தோட்டத்தில் இல்லை. கல்லறைகள் மேல் உருகிய மெழுகு மட்டும் கிடந்தது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், தெருவிலும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று முப்பத்திரண்டு வருஷம் பழகிய காதுக்கும் பிடிபடவில்லை. மிகத் தூரத்து டிரங்க் கால் போல, தூரமாகவும் தெளிவாகவும் இருந்தது. அவசரம் இல்லாமல், நிறைய நாள் வேலை இருக்கிறது என்பதுபோலப் பெருக்கிக்கொண்டிருந்தது.

மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பின்கட்டின் நடுவில் போய் நின்றேன். எக்ஸ்சேஞ்சில் லைன் சரியில்லாதபோது கத்துவதுபோல, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகச் சொன்னேன்.

“ஐந்தடி ஆறு அங்குலம். கேட்டுதா? ஐந்தடி ஆறு.”

பெருக்குவது நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை அந்தக் கடைசி இழுப்பு முன்னைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது.